இறுதிவேளையில் வல்லோன் யார்?

கூடைப்பந்தாட்டத்தில் ஓரணியைச் சேர்ந்த ஐவர் ஒரே வேளையிற் களத்தில் நின்று ஒரே நோக்கத்துக்காக ஆடுகின்றனர். ஆட்டம் முடிந்தபின் மக்கள் பேசுவதோ பெரும்பாலும் ஒருவனைப் பற்றியே. வெற்றியும் தோல்வியும் ஊசலாடிய கடைசிக் கணத்திற் பந்தை வளையத்துட் செலுத்தியவன் வீரன். செலுத்தத் தவறியவன் அணியைக் கெடுத்தவன். இவ்வாறு தீர்ப்பளித்தல் பார்வையாளருக்கு எளிது. அடுத்த ஆட்டத்தில் அதே நெருக்கடி வரும்போது பந்தை எவன் கையிற் சேர்ப்பது என்று முடிவுசெய்ய வேண்டிய பயிற்றுநருக்கு அஃது எளிதன்று. தம் அணியினருள் நெருக்கடி வேளையில் மிக வல்லவன் யாவன் என்பதை அவர் எங்ஙனம் அறிவது? இவ்வினாவை ஈண்டு ஆராய்வாம். இதற்கு வேண்டிய சான்றுகள் அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்க ஆட்டங்களிலேயே மிகுதியாகக் கிடைக்கின்றன. அங்கே ஒவ்வோர் எறிகையும், எறிந்தவன் பெயர், எறிந்த இடம், கடிகாரத்தில் எஞ்சியிருந்த நேரம் ஆகியவற்றுடன் பதிவாகின்றது. ஆதலின் நினைவை மாத்திரம் நம்பி வாதிட வேண்டியதில்லை.

முதலில் இறுதிவேளை என்பது யாதென வரையறுத்தல் வேண்டும். அச்சங்கத்தின் ஆட்டம் பன்னிரண்டு நிமிடங்கள் கொண்ட நான்கு காற்பகுதிகளை உடையது. நான்காங் காற்பகுதியின் அல்லது மேலதிக நேரத்தின் கடைசி 5 நிமிடங்களுள், இரு அணிகளுக்குமிடையே 5 புள்ளிகளுக்கு மேற்படாத வேறுபாடு இருக்கும் நேரமே நெருக்கடி நேரம் எனக் கணக்கிடப்படுகின்றது. இந்நேரத்திற் சிறந்து ஆடியவருக்கு ஒரு விருதும் உண்டு. 2022–23 ஆம் பருவத்தில் தொடங்கிய அவ்விருதுக்கு ஜெறி வெஸ்ற் கிண்ணம் என்று பெயர். முதல் மூன்று பருவங்களிலும் முறையே டீஆறன் பொக்ஸ், ஸ்ரெபன் கறி, ஜேலன் பிறன்சன் என்போர் அதனைப் பெற்றனர்.

இவ்வரையறை வசதியானது, நுட்பமானதன்று. நான்கரை நிமிடங்கள் எஞ்சியிருக்க 5 புள்ளி முன்னணியில் நிற்கும் அணியின் நிலை வேறு. 8 விநாடிகள் எஞ்சியிருக்க ஒரு புள்ளி பின்தங்கிய அணியின் நிலை வேறு. முன்னதில் ஓரெறிகை தவறினால் அதை ஈடுசெய்யப் பல வாய்ப்புகள் உண்டு. பின்னதில் அதுவே முடிவு. ஆகவே கணக்கறிஞர் வேறொரு முறையையும் கையாளுகின்றனர். ஒரு கணத்தில் அணியின் வெற்றிக்கான நிகழ்தகவு யாது, ஒரு செயலின் பின் அது யாதாயிற்று என்று பார்த்து, அவ்விரண்டின் வேறுபாட்டை அச்செயலைச் செய்தவன் பெயரில் எழுதுவர். 100 க்கு 50 ஆயிருந்த வாய்ப்பை ஒருவன் எறிகையினால் 80 ஆக்கினான் எனின் அவனுக்கு 30 வரவு. இம்முறை காலத்தின் பெறுமதியைச் சரியாக அளக்கின்றது. ஆயினும் ஒரு செயலை ஒருவன் பெயரிலேயே எழுதுதல் என்னும் குறை இதனிடத்தும் உண்டு. அக்குறை சிறியதன்று என்பது மேலே விளங்கும்.

இன்னொரு தடையையும் இவ்விடத்திலேயே கூறல் தகும். ஒரு புள்ளியால் தோற்ற அணி, கடைசி விநாடியிலே தவறிய எறிகையினால் மட்டுமன்றி முதற் காற்பகுதியிலே தவறிய எறிகையினாலும் தோற்றதே. தேர்வுத்தாளின் முதல் வினாவுக்கு இட்ட 10 புள்ளியும் கடைசி வினாவுக்கு இட்ட 10 புள்ளியும் கூட்டுத்தொகையில் ஒன்றே. விடைத்தாள் திருத்தும் ஆசிரியன் எவனும் இதனை மறுக்கான். அங்ஙனமாயின் இறுதிவேளைக்குத் தனிக் கணக்கு எதற்கு என்று வினவலாம். விடை இது: தொடக்கத்தில் நேர்ந்த குறையைத் திருத்தக் காலம் உண்டு, முடிவில் இல்லை. அன்றியும், முடிவிலே பந்து எவனிடம் செல்லவேண்டும் என்பதைப் பயிற்றுநர் அறிந்து தெரிவுசெய்கின்றார். தெரிவு உள்ள இடத்திலேதான் ஆராய்ச்சிக்குப் பயன் உண்டு.

இனி நினைவு செய்யும் வஞ்சனையை நோக்குவாம். லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கேர்ஸ் அணியின் கோபி பிறயன்ற், இறுதிக் கணத்தில் எவரினும் நம்பத்தக்கவர் என்று நெடுங்காலம் புகழப்பட்டவர். 2011 ஜனவரியில் வெளியான ஒரு கணக்கு அவரது எறிகைகளை ஒவ்வொன்றாக எண்ணிற்று. கடைசி 24 விநாடிகளுள், அணி சமநிலையிலோ 2 புள்ளிகளுக்கு மேற்படாத பின்னிலையிலோ இருந்தபோது அவர் அதுவரை எறிந்தவை 115. வளையத்துட் சென்றவை 36. நூற்றுக்கு 31. மக்கள் நினைவில் நின்றவை அந்த 36 இற் சிலவே. தவறிய 79 உம் மறைந்துபோயின. வெற்றிகளை மட்டும் எண்ணுவோர் பின்னத்தின் மேலெண்ணைப் பார்த்துக் கீழெண்ணை மறந்தவராவர்.

எனினும் இதனைக் கொண்டு பிறயன்ற் திறனற்றவர் என்று முடிவு கட்டுதல் எதிர்த்திசையிற் செய்யும் அதே பிழையாகும். அவ்வேளைகளில் அச்சங்கத்தின் ஆட்டக்காரர் அனைவரதும் சராசரி ஏறத்தாழ 30 ஆகவே இருந்தது. சாதாரண வேளையில் நூற்றுக்கு 45 இடுவோரும் அக்கணங்களில் 30 க்கு இறங்குதல் ஏன்? நெஞ்சு நடுங்குவதனால் மட்டுமன்று. ஆட்டத்தின் நடுவே எதிரணி ஒழுங்குறுமுன் விரைந்து ஓடி எளிதாக இடும் வாய்ப்புகள் பல வரும். முடிவில் அவை வாரா. எதிரணி தன் காவலை முன்னரே வகுத்து நிற்கும். பந்து எவனிடம் செல்லும் என்பதை அரங்கில் இருப்போர் எல்லாரும் அறிவர். அவனோ கடிகாரத்தை ஓடவிட்டு, இருவர் மறிக்கத் தூரத்திலிருந்து எறிகின்றான். அவனை நான்கு பேர் பார்த்து நிற்கின்றனர். ஆகவே கேட்கவேண்டிய வினா, அவன் எத்தனை இட்டான் என்பதன்று. அதே நிலையில், அதே காவலுக்கு எதிரே, அவன் தோழனொருவன் எறிந்திருப்பின் எத்தனை இட்டிருப்பான் என்பதே. தோழன் எறியவில்லை. எறியாததன் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. இவ்வாராய்ச்சியின் பெருஞ் சிக்கல் இதுவே.

ஒரு கணத்தில் எத்தனை பேர் கை இருக்கின்றது என்பதற்கு 2016 ஆம் ஆண்டு இறுதித் தொடரின் ஏழாம் ஆட்டத்தை எடுத்துக்கொள்வாம். கிளீவ்லாந்து அணியும் கோல்டன் ஸ்ரேற் அணியும் மும்மூன்று வெற்றிகளுடன் நின்றன. நான்காங் காற்பகுதியில் 4 நிமிடம் 39 விநாடி எஞ்சியிருக்கையில் ஆட்டம் 89–89 எனச் சமநிலை எய்திற்று. அதன்பின் மூன்றரை நிமிடங்களுக்கு மேலாக இருபாலாரும் ஒரு புள்ளியேனும் பெற்றிலர். 1 நிமிடம் 50 விநாடி எஞ்சியபோது கோல்டன் ஸ்ரேற் அணியின் அன்ட்றே இகுவொடாலா விரைந்தோடிப் பந்தை இடச் சென்றார். கிளீவ்லாந்தின் ஜே. ஆர். சிமித் கை நீட்டி மறித்து அவரது எறிகையைக் கணநேரம் தாமதப்படுத்தினார். அந்தக் கணத்துள் பின்னாலிருந்து ஓடிவந்த லெப்றோன் ஜேம்ஸ் எழும்பிப் பந்தைப் பலகையோடு அடித்துத் தடுத்தார். 53 விநாடிகள் எஞ்சியபோது கைறி ஏர்விங், தம்மை மறித்து நின்ற ஸ்ரெபன் கறியின் தலைக்கு மேலாக மூன்றுபுள்ளி எறிகையை இட்டார். அடுத்து, கெவின் லவ் என்னும் நெடிய ஆட்டக்காரர் கறியின் முன்னே நின்று அவர் அசைந்த பக்கமெல்லாம் அசைந்து தெளிவான எறிகைக்கு இடங்கொடாது காத்தார். கறியின் எறிகை தவறிற்று. ஜேம்ஸ் ஒரு புள்ளி சேர்க்க, ஆட்டம் 93–89 என முடிந்தது.

இங்கே நெருக்கடி வேளையில் வல்லோன் யார்? எறிகைக் கணக்கைக் கொள்ளின் ஏர்விங். தடுத்த செயலைக் கொள்ளின் ஜேம்ஸ். லவ் செய்தது அன்றைய ஏட்டில் எந்த நிரலிலும் அவர் பெயரில் இல்லை. கறியின் பெயரிலே தவறிய எறிகை ஒன்றாகவே அது பதிவாயிற்று. சிமித்தின் கை நீட்டலோ எவ்விடத்தும் பதிவாகவில்லை. ஆனால் அது நிகழாதிருப்பின் ஜேம்சின் தடுப்பும் நிகழ்ந்திராது. எண்ணத்தக்கவற்றை எண்ணிவிட்டு, எண்ணத்தகாதவை இல்லை என்று கொள்ளுதல் கணக்கறிஞருக்கும் நேரும் மயக்கம்.

2013 ஆம் ஆண்டு இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டமும் இத்தகையதே. 28 விநாடிகள் எஞ்சியிருக்கையில் மயாமி அணி 89–94 எனப் பின்தங்கி நின்றது. தோற்றால் தொடரும் முடிந்துவிடும். ஜேம்ஸ் அப்போது மயாமி அணியில் இருந்தார். அவரது ஒரெறிகை தவறிற்று; மீண்டும் கிடைத்த பந்தை மூன்றுபுள்ளியாக்கினார். சான் அந்தோனியோ ஒரு புள்ளி சேர்த்து 95 ஆயிற்று. மீண்டும் ஜேம்ஸ் எறிந்தார், அதுவும் தவறிற்று. வளையத்திற் பட்டு மீண்ட பந்தைக் கிறிஸ் பொஷ் பற்றி, மூலைக்குப் பின்வாங்கிச் சென்ற றே அலனிடம் சேர்த்தார். 5.2 விநாடிகள் இருக்க அலன் இட்ட எறிகையினால் 95–95. மேலதிக நேரத்தில் மயாமி 103–100 என வென்று, ஏழாம் ஆட்டத்தையும் வென்று கிண்ணத்தைப் பெற்றது. பொஷ் அப்பந்தைப் பற்றாதிருப்பின் அவ்வாண்டுத் தொடரை ஜேம்ஸ் தவறவிட்டார் என்றே எழுதியிருப்பர். ஜேம்சின் செயல் இரண்டு நிலையிலும் ஒன்றே என்பதை ஊன்றி நோக்குக.

பந்தை விட்டுக்கொடுத்தலும் இறுதிவேளைத் திறமையின் ஒரு கூறு. மைக்கல் ஜோர்டனை எறிகையால் வென்றவராகவே உலகம் அறியும். 1998 ஆம் ஆண்டு யூற்றா அணிக்கெதிரே அவர் இட்ட கடைசி எறிகை அதற்குச் சான்று. ஆயின் 1993 இல், பினிக்ஸ் அணிக்கெதிரான ஆறாம் ஆட்டத்தின் நான்காங் காற்பகுதியிற் சிக்காகோ அணி பெற்ற முதல் 9 புள்ளிகளையும் ஜோர்டனே பெற்றிருக்க, தொடரை வென்றுகொடுத்த கடைசி 3 புள்ளிகளை இட்டவர் ஜோன் பக்சன். பந்து ஜோர்டனின் கையிலிருந்து புறப்பட்டு வேறிருவர் கைகளினூடாக அவரை அடைந்தது. 1997 இல், 86–86 என்ற நிலையில், இருவர் தம்மை நெருங்கிவருவதைக் கண்ட ஜோர்டன் பந்தை ஸ்டீவ் கேரிடம் கொடுத்தார், கேர் இட்டார். தம்மை எல்லாரும் அஞ்சும் அச்சத்தையே தோழனுக்கு இடமாக்கிக் கொடுத்தமை எறிகையினும் குறைந்த திறமை என்று எவர் சொல்வர்?

பெரிய பெயரில்லாத ஆட்டக்காரர் சிலர் இவ்வேளைகளிற் சிறந்து தோன்றுவதன் காரணமும் இதிலிருந்து விளங்கும். றொபேட் ஹோறி மூன்று அணிகளில் ஆடி ஏழு முறை வெற்றிக்கிண்ணம் கண்டவர். ஆனால் ஆட்டத்துக்கு அவர் பெற்ற சராசரி 7 புள்ளிகளே. 2002 இற் சக்கறமென்ரோ அணிக்கெதிரே 97–99 என லேக்கேர்ஸ் பின்தங்கியிருக்க, பிறயன்ற் எறிந்து தவறினார்; மீண்ட பந்தை ஷக்கீல் ஓநீல் எறிந்து தவறினார்; எதிரணியினர் தட்டிவிட்ட பந்து தூரத்தில் நின்ற ஹோறியிடம் வந்தது. அவர் இட்டார், 100–99. அவர் நெஞ்சுரம் உடையவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எதிரணியின் கண் முழுவதும் வேறிருவர் மேல் இருந்தமையால் அவருக்குத் திறந்த எறிகை கிடைத்தது என்பதையும் சேர்த்தெண்ண வேண்டும். அவரையே முதன்மை ஆட்டக்காரராக்கி ஒவ்வோராட்டத்தின் முடிவிலும் பந்தை அவர் கையிற் கொடுத்திருப்பின் அதே பயன் விளைந்திராது.

இனிக் கணிதம் கூறுவதைச் சுருக்கமாகப் பார்ப்பாம். ஓராட்டக்காரனின் உண்மைத் திறமை நூறு எறிகைக்கு 45 என்க. அவன் ஒரு பருவத்தின் இறுதிவேளைகளில் 50 எறிகைகள் எறிகின்றான். நிகழ்தகவுக் கணக்கின்படி அவனது வீதத்தின் நியம விலகல் 7. அஃதாவது, திறமை அணுவளவும் மாறாதிருக்க, ஒரு பருவத்தில் 38 என்றும் மறு பருவத்தில் 52 என்றும் அவன் கணக்கு வருதல் இயல்பே. முதலாவதைக் கண்டு அஞ்சுபவன் என்போம். இரண்டாவதைக் கண்டு துணிந்தவன் என்போம். இரண்டும் எழுமாறான ஏற்ற இறக்கமே. ஓரணியில் இருவர் 50 எறிகைகளில் முறையே 22 உம் 27 உம் இட்டனர் எனின், 44 க்கும் 54 க்கும் இடையே பெரும் வேறுபாடு இருப்பதுபோலத் தோன்றும். அவ்வேறுபாட்டின் நியம விலகலே ஏறத்தாழ 10 ஆதலின் அதனால் யாதும் நிலைநாட்டப்படவில்லை. இருவருக்குமிடையே நூற்றுக்கு 5 என்னும் உண்மையான வேறுபாட்டை ஓரளவு உறுதியுடன் கண்டுகொள்ள ஒவ்வொருவருக்கும் 800 எறிகைகள் வரை வேண்டும். பருவத்துக்கு 100 என்று தாராளமாகக் கொண்டாலும் எட்டாண்டுகள். எட்டாண்டின் முடிவில் அவன் பழைய ஆட்டக்காரனாயிருப்பதில்லை. ஆண்டில் மூன்று நான்கு நெருக்கமான ஆட்டங்களே காணும் பாடசாலை அணியொன்றில் எண்களைக் கொண்டு இதனை முடிவுசெய்தல் இயலாத காரியம்.

அப்படியாயின் அன்றைய ஆட்டத்தில் தொடர்ச்சியாக இட்டுவருபவனிடமே பந்தைக் கொடுக்கலாமே எனின், அதுவும் விவாதத்துக்குரியதே. தோமஸ் கிலோவிச், றொபேட் வலோன், அமோஸ் ற்வேர்ஸ்கி என்னும் மூவர் 1985 இற் பிலடெல்பியா அணியின் எறிகைகள் முதலியவற்றை ஆராய்ந்து, முன்னைய எறிகைகள் விழுந்தமையால் அடுத்ததும் விழும் என்பதற்குச் சான்றில்லை என்றனர். முப்பதாண்டுகளுக்கு மேலாக அம்முடிவு பாடநூல்களிலும் இடம்பெற்றது. 2018 இல் ஜோசுவா மில்லர், அடம் சன்ஹூர்ஹோ என்னும் பொருளியலறிஞர் இருவர் அக்கணக்கு முறையில் ஒரு சாய்வு மறைந்திருந்தமையைக் காட்டினர். நாணயத்தை மும்முறை சுண்டும் எட்டு வகைகளையும் எழுதி, தலை விழுந்ததையடுத்து மீண்டும் தலை விழுந்த வீதத்தை ஒவ்வொன்றுக்கும் கண்டு சராசரி எடுத்தால் அரை வாராது. பன்னிரண்டில் ஐந்தே வரும். கணிதம் பயிலும் மாணவர் தாமே எழுதிப் பார்க்கலாம். சாய்வை நீக்கிப் பார்த்தபோது, தொடர்ச்சி என்பது முற்றும் பொய்யன்று என்ற முடிவு கிடைத்தது. பார்வையாளர் நம்பும் அளவுக்கு அது பெரிதா என்பது வேறு வினா.

நெஞ்சின் நடுக்கத்தைத் தனித்து அளக்கத்தக்க இடம் ஒன்று உண்டு. எதிரணியினர் தவறிழைத்தபோது அளிக்கப்படும் தடையில்லா எறிகையே அது. தூரம் எப்போதும் 15 அடி, மறிப்பாரில்லை, தோழர் உதவியுமில்லை. தேசியச் சங்க ஆட்டங்களைக் கொண்டு 2011 இல் வெளியான ஓராய்வு, மிக நெருங்கிய ஆட்டங்களின் கடைசி விநாடிகளில் இவ்வெறிகை வழக்கமான அளவினின்றும் நூற்றுக்கு 5 முதல் 10 வரை தாழ்கின்றது என்று கண்டது. பொதுவாகவே இவ்வெறிகையில் வலிமை குறைந்தோரிடமும், இரண்டில் முதலாவதைத் தவறவிட்டோரிடமும் இத்தாழ்வு மிகுதி. ஆகவே கடைசி விநாடியில் எதிரணியினர் தவறிழைக்கக்கூடும் எனின், பருவம் முழுவதும் இவ்வெறிகையில் வல்லவனிடம் பந்து இருத்தல் நன்று. நெருக்கடிக்கெனத் தனியே ஒரு வீரனைத் தேடுவதினும் இது நம்பத்தக்க வழி.

1995 ஆம் ஆண்டு இறுதித் தொடரின் முதலாம் ஆட்டத்தில் ஒர்லாண்டோ அணி 3 புள்ளி முன்னணியில் நிற்க, கடைசிப் பத்து விநாடியளவில் நிக் அன்டர்சன் இத்தகைய நான்கு எறிகைகளை அடுத்தடுத்துத் தவறவிட்டார். அப்பருவத்தில் அவர் பத்துக்கு ஏழு இட்டவர். அத்தகையவர் நான்கையும் தவறவிடுதல் ஆயிரத்தில் 8 முறை நிகழத்தக்கது. அரிது, ஆனால் இயலாததன்று. ஹூஸ்ரன் அணியின் கெனி சிமித் மூன்றுபுள்ளி இட்டு ஆட்டத்தைச் சமப்படுத்த, மேலதிக நேரத்தில் ஹூஸ்ரன் வென்றது. தொடரையும் 4–0 என வென்றது. அவ்வாட்டத்தில் ஒருகாலத்து 20 புள்ளி முன்னணியில் நின்று அதனை அணி முழுவதுமாக இழந்தமை பேசப்படவில்லை; நான்கு எறிகைகளே பேசப்பட்டன. இரண்டு பருவங்கள் கழித்து, 1996–97 இல், அவரது தடையில்லா எறிகை நூற்றுக்கு ஏறத்தாழ 40 ஆக இறங்கிற்று. தீர்ப்பு ஆட்டக்காரனை அளந்ததோடு நில்லாது அவனை மாற்றியும் விட்டது. இளையோரைப் பயிற்றுவிப்போர் ஒரு சிறுவனைத் தோல்விக்குக் காரணன் என்று தோழர் முன் சுட்டுமுன் இவ்விரண்டு எண்களையும் எண்ணிப் பார்ப்பாராக.

திருவள்ளுவர் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்னும் இரண்டு அதிகாரங்களை 51, 52 ஆக அடுத்தடுத்து வைத்தார். ஒருவனை ஆராய்ந்து நம்புதல் ஒன்று. ஆராய்ந்தபின் அவனுக்கு ஏற்ற வினையில் அவனை அமர்த்துதல் மற்றொன்று. பயிற்றுநர் செய்யவேண்டியவையும் இவ்விரண்டே. எவனும் முழு ஆட்டத்திலும் காட்டிய திறமையையே முதற் சான்றாகக் கொள்க. இறுதிவேளைக் கணக்கினால் அதனைச் சிறிதளவே கூட்டுக அல்லது குறைக்க. பின்னர், மறிப்பார் இருவரிடையே பந்தை இழவாது காப்பவன் எவன், திறந்து நிற்கும் தோழனைக் காண்பவன் எவன், எதிரணியின் சிறந்தவனை மறிக்கத்தக்கவன் எவன் என்று தனித்தனியே நோக்குக. இவையனைத்துக்கும் விடை ஒருவனாகவே இருத்தல் அரிது. மிக வல்லவன் யார் என்ற வினா, எதில் மிக வல்லவன் என்று மாறியபோதே பயனுடையதாகின்றது. தவறிய எறிகையையும் அது நல்ல எறிகையா தீய எறிகையா என்று குறித்துவைத்தல் நன்று. மறிப்பாரின்றி நின்ற தோழனுக்குக் கொடாது தானே எறிந்து இட்டவனைப் பாராட்டுமுன் சற்றே தாமதித்தலும் நன்று.

மேலே கூறிய கிண்ணத்துக்குப் பெயர் தந்த ஜெறி வெஸ்ற், நெருக்கடி வேளைக்கே உரியவர் என்னும் பட்டப்பெயரை ஆடிய காலத்திலேயே பெற்றவர். அவர் இறுதித் தொடரில் ஆடியது ஒன்பது முறை. வென்றது 1972 இல் ஒருமுறை. 1969 இல் தோற்ற அணியிலிருந்தே தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார்; அவ்வாறு பெற்றவர் அவர் ஒருவரே. 1970 இல் நியூயோர்க் அணிக்கெதிரான மூன்றாம் ஆட்டத்தில், நேரம் முடியும் தறுவாயில் அவர் ஏறத்தாழ 60 அடி தூரத்திலிருந்து எறிந்த பந்து வளையத்துட் சென்றது. மூன்றுபுள்ளி விதி அச்சங்கத்தில் 1979–80 ஆம் பருவத்திலேயே வந்தது. ஆதலின் அவ்வெறிகைக்குக் கிடைத்தவை 2 புள்ளிகளே. ஆட்டம் 102–102 எனச் சமமாகி, மேலதிக நேரத்தில் அவரது அணி 108–111 எனத் தோற்றது.